நடமாடும் மர அறுவை இயந்திரம்: உடைந்த என்ஜினைச் சரிசெய்வதா, மாற்றுவதா?

பட்டறைப் பக்கம் – வாசகர் கேள்விகளும் பதில்களும்

மரத்தை மில்லுக்குக் கொண்டுபோகாமல், மில்லையே தோப்புக்குக் கொண்டுபோய் அறுக்கும் சிறிய பேண்ட் சா (இரண்டு சக்கரங்களில் சுற்றி ஓடும் பட்டை ரம்பம்) இயந்திரங்களைப் பற்றி இந்த மாதம் ஐந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. ஐந்துமே என்ஜினைப் பற்றியவை. ஆகவே மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்தப் பக்கத்தை முழுவதுமாக இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் எங்கள் தென்னந்தோப்பு பாதிக்குமேல் சாய்ந்துவிட்டது. மரங்களை விறகு விலைக்குக் கொடுக்க மனம் வராமல், நானும் என் மைத்துனரும் சேர்ந்து ஒரு நடமாடும் மர அறுவை இயந்திரத்தை வாங்கினோம். அதில் 389 சிசி பெட்ரோல் என்ஜின் இருக்கிறது. அதன்பிறகு சுற்றுவட்டாரத்தில் வேம்பு, வாகை, தேக்கு என்று அறுத்துக் கொடுப்பதே எங்களுக்குத் தொழிலாகிவிட்டது. போன மாதம் காய்ந்த வேப்பமரம் ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தபோது, 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டு என்ஜின் நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தால் அரைச் சுற்று வந்து இடித்து நிற்கிறது. மெக்கானிக் "ராடு உடைந்துவிட்டது, புது என்ஜின் வாங்கிப் போடுங்கள்" என்கிறார். லேத் பட்டறைக்காரர் "சரிசெய்துவிடலாம்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகர், பேராவூரணி

பதில்: இருவரில் யார் சொல்வது சரி என்பதை உங்கள் என்ஜினின் அடிப்பாகம்தான் சொல்ல வேண்டும். அதைத் திறந்து பார்ப்பதற்கு முன் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

முதலில் பெல்ட்டைக் கழற்றி, ஸ்பார்க் பிளக்கையும் எடுத்துவிட்டு, ஃப்ளைவீலை (ஸ்டார்ட்டர் கயிற்றுப் பக்கம் இருக்கும் கனத்த சக்கரம்) கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். பெல்ட் மாட்டியிருக்கும்போது இடிப்பது என்ஜினா, பேண்ட் வீலின் பேரிங்கா என்று தெரியாது. என்ஜின் செத்துவிட்டது என்று கழற்றிக்கொண்டு வந்து, கடைசியில் வீல் பேரிங் சிக்கியிருந்ததைக் கண்டவர்கள் உண்டு. தனியாகச் சுற்றும்போதும் இடிக்கிறது என்றால், அடுத்ததாக ஆயிலை வடித்தெடுங்கள். பழைய டப்பாவில் வடிக்காமல், வெள்ளை எனாமல் தட்டில் வடித்து, வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கறுத்த ஆயிலுக்குள் வெள்ளிப் பொடி மினுங்கினால் அது அலுமினியம். தேய்ந்தது பிஸ்டன், அல்லது பிஸ்டனைக் கிராங்க் என்னும் சுழல் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு. தட்டின் அடியில் நகத்தளவுச் சில்லுகளே கிடந்தால், மெக்கானிக் சொன்னது உண்மை என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த வகைச் சிறிய என்ஜின்களில் ராடு ஏன் உடைகிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். கார் என்ஜினில் இருப்பதுபோல ராடுக்கும் கிராங்க்குக்கும் நடுவே தனி பேரிங் தகடு இதில் இல்லை. அலுமினிய ராடே நேராகக் கிராங்க்கின் எஃகு முள்ளின்மேல் சுழல்கிறது. ஆயில் பம்பும் கிடையாது. ராடின் அடியில் கரண்டிபோல நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நாக்கு, ஒவ்வொரு சுற்றிலும் ஆயிலில் அடித்துத் தெறிக்கவைப்பதுதான் உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் மசகு. ஆயில் மட்டம் குறைந்தாலோ, என்ஜின் ஒருபக்கம் சாய்ந்து அந்த நாக்குக்கு ஆயில் எட்டாமல் போனாலோ, சிறிது நேரத்திலேயே அலுமினியம் எஃகில் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய மறுகணம் ராடு ஒடியும். ஒடிந்த துண்டு நிமிடத்துக்கு 3600 முறை சுற்றும் கிராங்க்கில் அடிபட்டு எங்கே பாய்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மிச்சக் கதை.

ஆகவே மரத்தூளும் ஆயிலும் சேர்ந்து படிந்திருக்கும் களிம்பை மண்ணெண்ணெய் தொட்டு நன்றாகத் துடைத்துவிட்டு, கிராங்க்கை மூடியிருக்கும் அலுமினியக் கூடான கிராங்க் கேஸை எல்லாப் பக்கமும் பாருங்கள். என்ஜினைத் தாங்கும் தட்டிலிருந்து கழற்றி அடிப்பக்கத்தையும் பாருங்கள். துளையோ, விரிசலோ இருந்தால் செலவு செய்யாதீர்கள். ஆர்கான் வெல்டிங்கில் ஓட்டையை அடைத்துத் தருவதாகப் பட்டறைகளில் சொல்வார்கள், அடைக்கவும் முடியும். ஆனால் அந்தச் சூட்டில் மெல்லிய அலுமினிய வார்ப்பு நெளிந்து, இரண்டு பக்க பேரிங் துளைகளும் ஒரே நேர்கோட்டில் நிற்காமல் போய்விடும். தோட்டத்துப் பம்பு என்ஜின் என்றால் அப்படியே ஓட்டிப் பார்க்கலாம். நாள் முழுவதும் பாரத்தில் இழுக்கும் மர அறுவை இயந்திரத்துக்கு அந்த வேலை நிற்காது. மாற்று என்ஜின்தான் வழி.

கேஸ் முழுதாக இருந்தால் லேத் பட்டறைக்காரர் சொல்வது சரி, சரிசெய்யலாம். பக்க மூடியைக் கழற்றி, கிராங்க்கை வெளியே எடுத்ததும், ராடு ஓடிய முள்ளில் அலுமினியம் சாம்பல் நிறத்தில் அப்பிக்கொண்டிருப்பதைக் காண்பீர்கள். அதைச் சுரண்டவோ, அரம்போட்டு ராவவோ கூடாது. காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, பஞ்சில் தோய்த்து, அந்த முள்ளின்மேல் மட்டும் வையுங்கள். அது நுரைத்துக்கொண்டு அலுமினியத்தைத் தின்னும், எஃகைத் தொடாது. நுரை நின்றால் மறுபடி ஒரு முறை வைத்து, அதன்பின் தண்ணீரில் கழுவி உடனே ஆயில் தடவ வேண்டும். இதைத் திறந்த வெளியில், ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும். அருகில் பீடி, சிகரெட் கூடாது, ஏனென்றால் கிளம்புவது ஹைட்ரஜன் வாயு. கிராங்க் கேஸ் பக்கத்தில் இருக்கவே கூடாது, கேஸும் அலுமினியம்தான்.

முள் சுத்தமானதும் மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். இந்த அளவு என்ஜின்களுக்கெல்லாம் மாதிரியாகக் கொள்ளப்படும் ஹோண்டா ஜி.எக்ஸ்.390-இல் புதிய முள்ளின் குறுக்களவு ஏறக்குறைய 35.98 மி.மீ.; 35.92-க்குக் கீழே தேய்ந்திருந்தால் அந்தக் கிராங்க் ஆகாது. சிலிண்டர் புதிதில் 88.00 மி.மீ.; 88.17-ஐத் தாண்டிவிட்டால் போரிங் செய்து பெரிய பிஸ்டன் போட வேண்டும். உங்கள் என்ஜின் வேறு கம்பெனியின் தயாரிப்பாக இருந்தால் அதன் கையேட்டில் உள்ள எல்லையை எடுத்துக்கொள்ளுங்கள். முள் தேய்ந்திருந்து, அதை அரைத்துத் தருவதாக லேத்தில் சொன்னால், 0.25 மி.மீ. குறைந்த அளவுள்ள ராடு உங்கள் என்ஜினுக்குக் கிடைக்கிறதா என்று முதலில் உதிரிபாகக் கடையில் கேளுங்கள். ராடு கையில் வந்தபிறகு கிராங்க்கை அரைக்கக் கொடுங்கள். கிராங்க்கை அரைத்து வைத்துக்கொண்டு ராடு தேடி அலைந்தவர்கள் அதைப் பழைய இரும்புக்குத்தான் போட்டிருக்கிறார்கள்.

பூட்டும்போது கேம் பல்லிலும் கிராங்க் பல்லிலும் உள்ள புள்ளிகள் நேருக்கு நேர் நிற்க வேண்டும், ராடின் நாக்கு கையேட்டில் காட்டியுள்ள பக்கம் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் உங்கள் மெக்கானிக்குத் தெரியும். நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ராடு போல்ட்டைப் பற்றி. அதற்கு வேண்டியது 14 நியூட்டன்-மீட்டர் முறுக்கு மட்டுமே. ஸ்பானரை இரண்டு கையாலும் பிடித்து இறுக்குகிறவர்கள் அதை அறியாமலேயே இரண்டு மடங்கு இறுக்கிவிடுகிறார்கள். அந்த போல்ட் இழுபட்டு அடுத்த ஆண்டில் ஒடிகிறது. டார்க் ரெஞ்ச் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்திருந்தாலும் அதை மாற்றிவிடுங்கள். கேஸுக்குள் இருக்கும் பொடியை டீசல் ஊற்றி மூன்று நான்கு தடவை அலசுங்கள். உதிரிபாகமும் லேத் கூலியும் சேர்ந்து புது என்ஜின் விலையில் பாதியைத் தாண்டுகிறது என்று கணக்கு வந்தால் நான் புது என்ஜினையே சொல்வேன். அதற்குள் வந்தால் சரிசெய்வதே மேல்.

இனி, இந்தப் பதிலில் எனக்கு மிக முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். சரிசெய்தாலும் மாற்றினாலும், பழைய என்ஜின் எதனால் போனது என்று கண்டுபிடிக்காமல் மறுபடி கயிற்றை இழுக்காதீர்கள். நான் பட்டறை நடத்திய காலத்தில், பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒருவர் இதே போல ராடு உடைந்த என்ஜினைக் கொண்டுவந்தார். கேஸில் ஓட்டை இருந்ததால் புது என்ஜினைப் பூட்டிக் கொடுத்தேன். மூன்றே வாரத்தில் அதுவும் உடைந்து வந்தது. குற்றம் புது என்ஜினில் இருக்கும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அவருடைய தோப்புக்கு நேரில் போய்ப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. இயந்திரத்தின் தலைப்பாகம் ஓடும் தண்டவாளத்தை வரப்போரமாகச் சரிவில் வைத்திருந்தார். என்ஜினில் ஆயில் குறைந்தால் தானாக நிறுத்துவதற்கென்று ஓர் உணர்கருவி உண்டு. சரிவில் அது அடிக்கடி என்ஜினை நிறுத்தியதால், தொல்லை என்று அதன் மஞ்சள் ஒயரைப் பிடுங்கி விட்டிருந்தார். பழைய என்ஜினிலும் அப்படியே செய்திருந்தார். அந்தக் கருவி சொன்னது உண்மை, அதைத்தான் அவர் வாயடைத்துவிட்டார். முதல் என்ஜினைப் பூட்டியபோதே நான் அதைக் கேட்டிருந்தால் அவருக்கு இரண்டாவது செலவு வந்திருக்காது என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. உங்கள் இயந்திரத்தில் அந்த ஒயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் தண்டவாளத்தை ரசமட்டம் வைத்துச் சமன்செய்யுங்கள். இந்த என்ஜின் பிடிக்கும் ஆயில் 1.1 லிட்டர் மட்டுமே; கால் லிட்டர் குறைந்தாலும் அது பெரிய குறைவுதான். காலையில் ஒருமுறை, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒருமுறை என்று குச்சியை எடுத்துப் பார்ப்பது வழக்கமாகட்டும்.

இன்னொரு காரணம் சூடு. ஃப்ளைவீல் விசிறி இழுக்கும் காற்றுதான் சிலிண்டரைக் குளிர்விக்கிறது. மர அறுவை இயந்திரத்தில் அந்தக் காற்றோடு மரத்தூளும் போகிறது. ஸ்டார்ட்டர் கயிறு இருக்கும் மூடியையும் அதன் பின்னாலுள்ள தகரக் கூட்டையும் கழற்றிப் பாருங்கள்: சிலிண்டரின் செதில்களுக்கு நடுவே மரத்தூள், ஆயில் கசிவோடு சேர்ந்து கம்பளிபோல அமுங்கிக் கிடக்கும், ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் செதிலின் அச்சோடு பட்டையாக உரிந்து வரும். அதை வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ளவே முடியாது. வாரத்துக்கு ஒருமுறை அந்தக் கூட்டைக் கழற்றிச் சுத்தம்செய்யாதவர்களின் என்ஜின், ஆயில் சரியாக இருந்தாலும் நாளடைவில் ஹெட் கேஸ்கட்டையோ, வால்வு சீட்டையோ இழக்கும்.

கடைசியாக, பிளேடு. தென்னை மரத்தின் வெளிப்புறம் வைரம்போன்றது, நடுப்பகுதி சோறுபோல மெத்தென்றது. அந்த வெளிப்புறம் பிளேடின் கூர்மையை மளமளவென்று தின்றுவிடும். காய்ந்த வேம்பும் அப்படித்தான். போதாக்குறைக்கு ஊர்ப்புறத்து வேம்பில் ஆணி, கம்பி ஏதேனும் புதைந்திருக்கும். மழுங்கிய பிளேடால் அறுக்கும்போது நாம் வண்டியைத் தள்ளி அழுத்துகிறோம்; அந்த அழுத்தம் முழுவதும் என்ஜினுக்குச் சூடாகப் போய்ச் சேருகிறது. மரத்தூள் மாவுபோல நைந்து விழுந்தால், பலகையின் முகம் அலையலையாக வந்தால், பிளேடை அப்போதே கழற்றிவிட வேண்டும். உங்கள் வேப்பமரம் அன்று எந்தப் பிளேடில் அறுபட்டது என்று நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: என்னுடைய இயந்திரத்தின் பெட்ரோல் என்ஜினில் கேஸ் உடைந்துவிட்டது. கிணற்றில் மோட்டார் வந்தபிறகு, 1500 சுற்றில் ஓடும் 7 குதிரைத்திறன் டீசல் ஆயில் என்ஜின் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. டீசலுக்கு இழுவை அதிகம் என்கிறார்கள். அதை இயந்திரத்தில் பூட்டலாமா? இணையத்தில் 15 குதிரைத்திறன் என்று போட்டு மலிவாக விற்கும் பெட்ரோல் என்ஜினை வாங்கலாமா?
– ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: டீசலுக்கு இழுவை அதிகம் என்பது என்ஜினின் தண்டில் அளந்தால் உண்மை. பிளேடில் அளந்தால் கணக்கு மாறிவிடும்.

19 அங்குலப் பேண்ட் வீல் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டர் பிளேடை ஓட்டுகிறது. பிளேடு விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் ஓடினால்தான் சுத்தமாக அறுக்கும். அதற்கு வீல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1000 முறை சுற்ற வேண்டும். 3600 சுற்று பெட்ரோல் என்ஜினில் 4 அங்குலப் புல்லியும், வீலில் பதினான்கரை அங்குலப் புல்லியும் இருந்தால் இந்தக் கணக்கு சரியாக வரும். 1500 சுற்று டீசல் என்ஜினில் அதே வேகத்தைக் கொண்டுவர என்ஜின் பக்கம் ஒன்பதரை அங்குலப் புல்லி போட வேண்டும். போட்டதும் டீசலின் இழுவை பெல்ட்டிலேயே கரைந்துவிடுகிறது. உங்கள் டீசல் தருவது 5.2 கிலோவாட், அதாவது தண்டில் 33 நியூட்டன்-மீட்டர். வீலுக்குப் போய்ச் சேருவது 50. 389 சிசி பெட்ரோல் என்ஜின் 3600 சுற்றில் தருவது 8.7 கிலோவாட், தண்டில் 23 நியூட்டன்-மீட்டர்தான். ஆனால் வீலில் 83. தொடர்ந்து ஓட்டும் பாரத்துக்கு அதை 7 கிலோவாட் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் உங்கள் டீசலைவிட அதிகம். எரிபொருள் செலவில் மட்டும் டீசலுக்கு லாபம் உண்டு: முழுப் பாரத்தில் மணிக்கு ஒன்றரை லிட்டர் அளவில் அது குடிக்கும், பெட்ரோல் என்ஜின் மூன்றரை லிட்டர் குடிக்கும்.

ஆயினும் நான் வேண்டாம் என்று சொல்வதற்கு இந்தக் கணக்கைவிடப் பெரிய காரணம் எடை. கிணற்றடி ஆயில் என்ஜின் 150 கிலோவுக்கு மேல் இருக்கும். கழற்றிய பெட்ரோல் என்ஜின் 32 கிலோதான். உங்கள் இயந்திரத்தில் அறுக்கும் தலைப்பாகமே என்ஜினைச் சுமந்துகொண்டு தண்டவாளத்தில் ஓடுகிறது, ஒவ்வொரு பலகைக்கும் திருகாணியிலோ சங்கிலியிலோ ஏறி இறங்குகிறது. ஐந்து மடங்கு எடையை அதில் ஏற்றினால் திருகாணியின் மரை தேயும், தலைப்பாகம் ஒரு பக்கம் தொங்கிப் பலகையின் கனம் ஒரு முனையில் கூடும், இன்னொரு முனையில் குறையும். ஒற்றைச் சிலிண்டர் டீசலின் உதறல் சட்டத்தின் வெல்டிங்கை விடாது. என்ஜின் அசையாமல் ஓரிடத்தில் நின்று, மரம் நகர்ந்து வரும் வகை இயந்திரமாக இருந்தால் அந்த ஆயில் என்ஜினைத் தாராளமாகப் பூட்டுங்கள். பாரத்துக்கேற்ப மெதுவாகத் தள்ளி அறுத்தால் போதும். டீசல்தான் வேண்டும் என்று மனம் சொன்னால், 186எஃப் என்ற வகுப்பில் காற்றுக் குளிர்ப்பு டீசல் என்ஜின்கள் வருகின்றன; ஐம்பது கிலோ அளவில்தான் இருக்கும், 3600 சுற்றும் உண்டு.

இணையத்து 15 குதிரைத்திறன் பற்றி: ஸ்டிக்கரை விட்டுவிட்டு, சிலிண்டர் கொள்ளளவைப் பாருங்கள். 389 சிசி என்ஜினை ஒருகாலத்தில் 13 குதிரைத்திறன் என்றே விற்றார்கள். இப்போதைய அளவீட்டு முறையில் அதுவே 11.7. அதே கொள்ளளவுக்கு ஒருவர் 15 என்று எழுதினால், கூடியிருப்பது எழுத்து மட்டும்தான். வாங்கும் முன் தண்டின் குறுக்களவு 25.4 மில்லிமீட்டரா, 25-ஆ என்று அளந்துகொள்ளுங்கள். இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், பழைய புல்லியோ ஒன்றில் ஏறாது, மற்றதில் ஆடும். தண்டின் நீளம், சாவிப் பள்ளம், அடித்துளைகளின் இடைவெளி, சுழலும் திசை ஆகியவையும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். உங்கள் இயந்திரத்தில் தலைப்பாகத்தை ஏற்றி இறக்க பேட்டரி மோட்டார் இருந்தால், புது என்ஜினின் சார்ஜிங் காயில் எத்தனை ஆம்பியர் தரும் என்று கேளுங்கள். சிறிய காயில் இருந்தால் பேட்டரி மாலைக்குள் இறங்கிவிடும். புல்லியைத் தண்டின் நுனியில் பூட்டாமல் என்ஜினை ஒட்டிப் பூட்டினால் பேரிங்கின் ஆயுள் கூடும்.

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களை அறுக்கிறோம். என்ஜின் பாரமில்லாமல் ஓடும்போது அதன் வேகம் ஏறி ஏறி இறங்குகிறது, அறுக்கும்போது திணறுகிறது. என்ஜின் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்கிறார்கள்.
– ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: மாற்றாதீர்கள். உங்களுக்கு இருப்பது ஒரு நோய் அல்ல, இரண்டு. இரண்டுமே என்ஜினின் தேய்மானத்தைச் சேர்ந்தவை அல்ல என்றே உங்கள் விவரிப்பிலிருந்து தோன்றுகிறது.

ஏறி இறங்குவது பெரும்பாலும் கார்பரேட்டரில் பெட்ரோல் போகும் நுண்துளையான சிறிய ஜெட் அடைத்திருப்பதன் அடையாளம். என்ஜின் அப்படி ஓடும்போது சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். உடனே சீராகிவிட்டால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். ஜெட்டைக் கழற்றி, கார்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்துத் திறக்க வேண்டும். குண்டூசியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். அறுக்கும்போது திணறுவதற்கு மலை ஒரு காரணம். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் என்ஜின் 3.5 சதவீதம் திறனை இழக்கும். ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆக 17 சதவீதம் அங்கே இல்லாமலே போய்விட்டது. உயரமான இடத்துக்கென்று உள்ள சற்றுச் சிறிய மெயின் ஜெட்டைப் போட்டால் புகையும் பிளக்கில் கரியும் குறையும், ஓரளவு திறனும் திரும்பும்; இழந்தது முழுவதும் வராது. சமவெளியில் அறுக்கும் வேகத்தை அங்கே எதிர்பார்க்காமல் மெதுவாகத் தள்ளுங்கள். அதே ஜெட்டோடு இயந்திரத்தைச் சேலத்துக்கு இறக்கி ஓட்டக் கூடாது. கலவை மெலிந்து என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிவிடும்.

இதோடு வால்வுகளின் டேப்பட் இடைவெளியையும், என்ஜின் ஆறியிருக்கும்போது, பார்த்துவிடுங்கள்: உள்வால்வு 0.15, வெளிவால்வு 0.20 மி.மீ. என்பது 389 சிசி வகுப்பில் வழக்கமான அளவு. கம்ப்ரஷன் மானியை வைத்துப் பார்த்து "குறைவு" என்று யாராவது சொன்னால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். கயிறு எளிதாக இழுபடுவதற்காகக் கேம் தண்டில் ஒரு கம்ப்ரஷன் விடுவிப்பான் வைத்திருக்கிறார்கள்; கயிறு இழுக்கும் வேகத்தில் அது வேலை செய்வதால், நல்ல என்ஜினும் மானியில் குறைவாகவே காட்டும்.

கேள்வி: பெட்ரோல் என்ஜின் வேலையே வேண்டாம் என்று தோன்றுகிறது. தோட்டத்துப் பம்புசெட் இணைப்பில் 10 குதிரைத்திறன் மோட்டாரை வைத்து ஓட்டலாமா?
– ஒரு வாசகர், சத்தியமங்கலம்

பதில்: மோட்டார் நல்ல யோசனை, பம்புசெட் இணைப்பு கூடாது. இலவச விவசாய இணைப்பு பாசனத்துக்கு மட்டுமே. அதில் மரம் அறுப்பது மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-இன்படி அனுமதியற்ற பயன்பாடு. கணக்கிடும் தொகை உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு. தொழிலுக்கான மும்முனை இணைப்பு உள்ள ஓரிடத்தில் இயந்திரத்தை நிலையாக வைக்கப்போகிறீர்கள் என்றால், 1440 சுற்று மோட்டாருக்கு, மேலே சொன்ன அளவு வீலுக்கு, 10 அங்குலப் புல்லி பொருந்தும். ஊர் ஊராகப் போகிற இயந்திரம் என்றால், ஜெனரேட்டரையும் சேர்த்து இழுக்க வேண்டியிருக்கும். அப்போது பராமரிக்க வேண்டிய என்ஜின் மறுபடியும் உங்களோடு வந்துவிடுகிறது.

கேள்வி: மழைக்காலத்தில் மூன்று மாதம் எங்களுக்கு வேலை இருக்காது. ஒவ்வோர் ஆண்டும் தை மாதத்தில் எடுக்கும்போது என்ஜின் கிளம்புவதில்லை. கார்பரேட்டரை மாற்ற வேண்டியிருக்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய சிறு என்ஜின்களின் கையேடுகள் 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கின்றன. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; டெல்டா மழைக்காலத்தில் மூன்று மாதம் கிடந்தால் நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கி, கார்பரேட்டர் கிண்ணத்தை அரித்து, ரப்பர் குழாயையும் ஊதவைக்கும். கார்பரேட்டரை மாற்றுவதைவிட அதைக் காலியாக வைப்பது மேல்.

வேலை முடியும் கடைசி நாளில் டேங்கிலுள்ள பெட்ரோலை வடித்து வண்டிக்கு ஊற்றிவிடுங்கள். பெட்ரோல் குழாயை மூடி, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, கிண்ணத்தின் அடியிலுள்ள திருகாணியைத் தளர்த்தி மிச்சத்தையும் வடியுங்கள். சூடு இருக்கும்போதே ஆயிலை மாற்றுங்கள். ஆறியபின் பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி ஆயிலைச் சிலிண்டருக்குள் விட்டு, கயிற்றை இரண்டு மூன்று முறை மெதுவாக இழுத்து, பிளக்கை மறுபடி மாட்டுங்கள். பிறகு கயிற்றைக் கை கனக்கும் இடம்வரை இழுத்து அங்கேயே விட்டுவிடுங்கள். அந்த நிலையில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும், ஈரக்காற்று உள்ளே போகாது. என்ஜினைத் தார்ப்பாயால் இறுக்கிக் கட்டாமல், காற்றோட்டம் இருக்கும்படி மேலே மட்டும் மூடி வையுங்கள்.